நாம், நாங்கள், அவர்கள்: நிவாரணப் பாடல்கள் மீதான விமர்சனமும் மறுமொழியும் – கடலூர், சிதம்பரம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பேரிடர்க் காலங்களில் நிதி திரட்டுவதற்காகவும் மக்களின் கவனத்தை ஈர்ப்பதற்காகவும் புகழ்பெற்ற கலைஞர்கள் ஒன்றுகூடிப் பாடும் வெகுசனப் பாடல்கள் 1980களிலிருந்து தனி வகையாக நிலைபெற்றுள்ளன. அவ்வகைப் பாடல்கள் பெருந்தொகையைத் திரட்டித் தந்துள்ளன. அதே அளவுக்குக் கடும் விமர்சனத்தையும் பெற்றுள்ளன. இக்கட்டுரை அவ்விமர்சனங்களையும் அவற்றுக்குத் தரப்பட்ட மறுமொழிகளையும் தொகுத்து நோக்குகிறது. தமிழிலக்கியத்தில் கொடுப்போர், பெறுவோர் உறவு பேசப்படும் முறையோடு அவற்றை ஒப்பிடுகிறது. 2004, 2015, 2024 ஆகிய ஆண்டுகளில் பேரிடருக்குள்ளான கடலூர், சிதம்பரம் வட்டாரத்தை முன்வைத்து, நிவாரணப் பாடல்களை மதிப்பிடுவதற்கான நான்கு அளவைகளை முன்மொழிகிறது.

திறவுச்சொற்கள்: நிவாரணப் பாடல், ஈகை, ஒப்புரவு, உளப்பாட்டுத் தன்மை, ஆற்றுப்படை, கடலூர், பேரிடர்.

முன்னுரை

2024ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், நாற்பதாண்டு நிறைவை ஒட்டி ‘டூ தே நோ இட்ஸ் கிறிஸ்துமஸ்?’ என்னும் பாடலின் புதிய கலவை இங்கிலாந்தில் வெளியிடப்பட்டது. அதற்குச் சில நாள்களுக்கு முன்பே, தன் பழைய குரற்பதிவைப் பயன்படுத்த அனுமதி கேட்கப்பட்டிருந்தால் மறுத்திருப்பேன் என்று பாடகர் எட் ஷீரன் வெளிப்படையாகத் தெரிவித்திருந்தார். பாடலை உருவாக்கியவர்களுள் ஒருவரான பாப் கெல்டாப் அதற்கு விரிவாக மறுமொழி அளித்தார். அவ்விவாதம் உலக ஊடகங்களில் நடந்துகொண்டிருந்த அதே வாரத்தில், நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரு நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கு மேல் நீர் திறக்கப்பட, தென்பெண்ணை பெருகிக் கடலூரின் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு எதுவுமில்லை. எனினும் இரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஒரு வினா எழுகிறது. துன்புற்ற மக்களுக்காகப் பிறர் பாடும் பாடலில் அம்மக்களின் இடம் யாது? நன்கொடை பெறுவோராக மட்டும் அவர்கள் காட்டப்படுகிறார்களா, அல்லது பேசும் உரிமை உடையோராகவும் இடம்பெறுகிறார்களா? இவ்வினாவை மேலைநாட்டு ஊடக ஆய்வுகள் ஆப்பிரிக்காவை முன்வைத்து எழுப்பியுள்ளன. இருபதாண்டுக்குள் ஆழிப்பேரலை, புயல், வெள்ளம் ஆகிய மூன்றையும் கண்ட கடலூர் மாவட்டமும் இவ்வினாவை எழுப்புவதற்கு உரிய களமே ஆகும்.

நிவாரணப் பாடல்: தோற்றமும் இயல்பும்

‘நிவாரணப் பாடல்’ என்னும் சொல் இக்கட்டுரையில் குறிப்பிட்ட பேரிடரையோ பஞ்சத்தையோ முன்னிட்டுப் பலர் கூடிப் பாடி, அதன் வருவாயையோ அதனால் விளையும் கவனத்தையோ நிவாரணத்திற்கு அளிக்கும் வெகுசனப் பாடலைக் குறிக்கிறது. இவ்வகையின் முன்னோடியாக 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் மாடிசன் சதுக்க அரங்கில் நடைபெற்ற வங்கதேச நிவாரண இசை நிகழ்ச்சி சுட்டப்படுகிறது. அதன் தூண்டுகோலாக இருந்தவர் சிதார்க் கலைஞர் ரவிசங்கர். அவருடைய வேண்டுகோளை ஏற்று ஜார்ஜ் ஹாரிசன் நிகழ்ச்சியை ஒருங்கிணைத்தார். ‘பங்களா தேஷ்’ என்னும் தனிப்பாடலையும் வெளியிட்டார். ரவிசங்கர் அதே ஆண்டில் வங்க மொழிப் பாடல்களைக் கொண்ட ‘ஜொய் பங்களா’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். துன்புற்ற மக்களின் மொழியிலேயே நிவாரணப் பாடல் அமைந்ததற்கு அது சான்று.

1984இல் எத்தியோப்பியப் பஞ்சத்தை முன்னிட்டு பாப் கெல்டாபும் மிட்ஜ் யூரும் எழுதிய ‘டூ தே நோ இட்ஸ் கிறிஸ்துமஸ்?’ பாடலைப் பேண்ட் எய்ட் என்னும் பெயரில் பிரித்தானிய, அயர்லாந்துக் கலைஞர்கள் பாடினர். அடுத்த ஆண்டில் மைக்கேல் ஜாக்சனும் லயனல் ரிச்சியும் எழுதிய ‘வீ ஆர் த வேர்ல்ட்’ பாடலை அமெரிக்கக் கலைஞர்கள் பாடினர். முன்னது பிரிட்டனில் மட்டும் முப்பது லட்சத்திற்கு மேற்பட்ட பிரதிகள் விற்றது. பின்னது உலகளவில் இரண்டு கோடிப் பிரதிகளைக் கடந்தது. அதன்வழித் திரண்ட நிதி ஆறு கோடி டாலரைத் தாண்டியது. இவ்விரு பாடல்களும் பின்வந்தோருக்கு வாய்பாடாயின. ஒரே ஒலிப்பதிவுக் கூடம், ஆளுக்கு ஓர் அடியாகப் பகிர்ந்து பாடுதல், இறுதியில் அனைவரும் கூடிப் பாடும் பல்லவி, ஒலிவாங்கி முன் நிற்கும் கலைஞர்களின் முகங்கள் என்னும் அமைப்பு மொழி கடந்து பரவியது.

இந்தியாவில் இதற்கு முன்வடிவம் ஒன்று உண்டு. 1943இல் வங்கப் பஞ்சத்தின்போது, இந்திய மக்கள் நாடக மன்றத்தோடு இணைந்து பினய் ராய் முதலியோர் பிற மாகாணங்களுக்குச் சென்று பாடியும் ஆடியும் நிதி திரட்டினர். அக்குழுவினரின் பாடல்கள் பசியைப் பேசியதோடு நில்லாமல் பதுக்கலையும் காலனிய ஆட்சியின் பொறுப்பையும் பேசின. நிதி திரட்டும் பாடல் அரசியல் காரணத்தையும் சொல்ல முடியும் என்பதற்கு அது முற்பட்ட சான்றாகிறது.

விமர்சனங்கள்

நிவாரணப் பாடல்கள் மீதான பொதுவெளி விமர்சனங்களை நான்காகத் தொகுக்கலாம்.

முதலாவது, சித்திரிப்புப் பற்றியது. 1984ஆம் ஆண்டுப் பாடல் ஆப்பிரிக்காவை மழையற்ற, ஆறற்ற, எதுவும் விளையாத நிலமாக வருணிக்கிறது. எத்தியோப்பியாவோ நீல நைல் ஊற்றெடுக்கும் நாடு. கிறிஸ்துமஸ் என்பதை அவர்கள் அறிவார்களா என்று பாடலின் தலைப்பே வினவுகிறது. கி.பி. நான்காம் நூற்றாண்டிலேயே கிறித்தவத்தை ஏற்ற நாட்டை நோக்கி எழுப்பப்பட்ட வினா அது. ஒரு நாட்டின் ஒரு பகுதியில் நேர்ந்த பஞ்சம் ஒரு கண்டத்தின் நிலையான இயல்பாக மாற்றப்பட்டுவிட்டது. 2014இல் எபோலா நோய்க்காக இப்பாடல் மீண்டும் பதிவுசெய்யப்பட்டபோது, கானா வழிவந்த பாடகர் ஃபியூஸ் ஓடிஜி பங்கேற்க மறுத்தார். ஆப்பிரிக்காவை இரங்கத்தக்க நிலமாகவே காட்டுவது அதன் மக்களின் தன்மதிப்பையும் பொருளாதார வாய்ப்புகளையும் குலைக்கிறது என்பது அவர் தரப்பு.

இரண்டாவது, காரணத்தை மறைத்தல் பற்றியது. எத்தியோப்பியப் பஞ்சத்திற்கு மழையின்மை மட்டும் காரணமன்று. உள்நாட்டுப் போரும் மெங்கிஸ்து ஆட்சியின் கட்டாய இடமாற்றக் கொள்கையும் அதனைக் கடுமையாக்கின. அக்கொள்கையை வெளிப்படையாகக் கண்டித்த ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பின் பிரெஞ்சுக் கிளை 1985 டிசம்பரில் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. பாடல் கேட்ட கோடிக்கணக்கானோருக்கு இவை தெரியவில்லை. அவர்கள் அறிந்த பஞ்சம் வானம் பொய்த்ததால் வந்த பஞ்சம் மட்டுமே.

மூன்றாவது, பாடுவோருக்குக் கிடைக்கும் பயன் பற்றியது. பட்டினிக் குழந்தைகளின் படங்கள் இசைத்தட்டுகளை விற்றுத் தருகின்றன என்னும் பொருள்படும் தலைப்பில் சம்பவாம்பா என்னும் ஆங்கிலக் குழு 1986இல் ஓர் இசைத்தொகுப்பையே வெளியிட்டது. 2012இல் நார்வே மாணவர் உதவி அமைப்பொன்று, குளிரில் வாடும் நார்வே மக்களுக்கு ஆப்பிரிக்கர்கள் வெப்பமூட்டிகளை அனுப்புவதாகப் பகடிப் பாடல் ஒன்றை உருவாக்கியது. கொடுப்பவரும் பெறுபவரும் இடம் மாறிய நொடியில் வகைமையின் ஒருபக்கச் சாய்வு எள்ளலாக வெளிப்பட்டது.

நான்காவது, கணக்குப் பற்றியது. 1971 நிகழ்ச்சியின் வருவாயில் பெரும்பகுதி அமெரிக்க வரித்துறையின் விசாரணையில் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. நிகழ்ச்சிக்கு முன்பே உரிய அறக்கட்டளை ஏற்பாடு செய்யப்படாமை அதற்குக் காரணம். நல்லெண்ணம் இருந்தும் நடைமுறை இல்லாமையால் நிதி காலத்தே சென்று சேரவில்லை.

மறுமொழிகள்

இவ்விமர்சனங்களுக்குத் தரப்பட்ட மறுமொழிகளும் புறந்தள்ளத்தக்கன அல்ல.

பசித்தவனுக்குச் சித்திரிப்பைவிடச் சோறு முதன்மையானது என்பது முதல் மறுமொழி. பாடலால் திரண்ட நிதி பெருந்தொகையான மக்களை உயிருடன் வைத்திருக்கிறது என்பதே 2024இலும் கெல்டாப் முன்வைத்த வாதத்தின் சாரம். பாடலைக் குறைகூறுவோர் அதற்கு ஈடாக எதனைத் திரட்டித் தந்தனர் என்னும் எதிர்வினா இதனுள் அடங்கியுள்ளது.

காரணங்களை விளக்குவது பாட்டின் வேலையன்று என்பது இரண்டாவது. நான்கு நிமிடப் பாடல் ஆய்வுரை ஆகாது. அது கதவைத் தட்டும் கை மட்டுமே. கதவு திறந்தபின் செய்தியாளரும் அறிஞரும் பேசலாம். 1984 வரை அரசுகள் கண்டும் காணாமலும் இருந்த பஞ்சத்தைப் பொதுமக்களின் அன்றாடப் பேச்சாக்கியது பாட்டே என்பது இத்தரப்பின் கூற்று.

முறைகேடு பற்றிய குற்றச்சாட்டுகளும் சான்றுக்கு உட்பட்டவை என்பது மூன்றாவது. பேண்ட் எய்ட் நிதி ஆயுதம் வாங்கத் திருப்பப்பட்டது என்னும் எண்ணம் உருவாகுமாறு 2010இல் பிபிசி ஒளி, ஒலிபரப்புகளில் வந்த செய்திகள் தொடர்பில், அதற்குச் சான்றில்லை என்று அந்நிறுவனமே அதே ஆண்டு நவம்பரில் மன்னிப்புக் கோரியது. ஐயம் எழுப்புவதும் பொறுப்போடு செய்யத்தக்க செயல் என்பதை அந்நிகழ்வு உணர்த்துகிறது.

இருதரப்பையும் ஒப்பிட்டால் அவர்கள் ஒரே பொருளைப் பற்றி மாறுபடவில்லை என்பது புலனாகும். ஆதரிப்போர் பாடலின் விளைவைப் பேசுகின்றனர். எதிர்ப்போர் பாடலின் உறவுமுறையைப் பேசுகின்றனர். நிதி சேர்ந்தது என்னும் உண்மை, உறவு ஒருபக்கமானது என்னும் குற்றச்சாட்டை மறுக்காது. உறவு ஒருபக்கமானது என்னும் உண்மையும் நிதி சேர்ந்ததைப் பொய்யாக்காது. எனவே பாடல் எத்தகைய உறவைக் கட்டமைக்கிறது என்பதைத் தனியே ஆராய்தல் வேண்டும். அதற்குத் தமிழ் இலக்கணம் கூர்மையான கருவி ஒன்றைத் தருகிறது.

‘நாம்’ என்பதும் ‘நாங்கள்’ என்பதும்

ஆங்கிலத்தின் தன்மைப் பன்மை ஒற்றைச் சொல். அது கேட்போரை உள்ளடக்குகிறதா விலக்குகிறதா என்பதைச் சூழலே தீர்மானிக்க வேண்டும். தமிழில் அவ்வாறன்று. பழந்தமிழின் ‘யாம்’, இக்காலத்தின் ‘நாங்கள்’ ஆகியன முன்னிலையாரை விலக்குவன. ‘நாம்’ முன்னிலையாரை உளப்படுத்துவது. தமிழில் பாடுவோர் இவ்விரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்தே ஆகவேண்டும்.

‘வீ ஆர் த வேர்ல்ட்’ என்னும் தலைப்பைத் தமிழாக்க முயன்றால் சிக்கல் வெளிப்படும். ‘நாமே உலகம்’ எனின், பாடுவோரும் கேட்போரும் பசித்தோரும் ஒருங்கே உலகமாகின்றனர். ‘நாங்களே உலகம்’ எனின், ஒலிப்பதிவுக் கூடத்தில் நிற்போர் மட்டும் உலகமாகின்றனர். ஆதரிப்போர் முதற்பொருளையும் எதிர்ப்போர் இரண்டாம் பொருளையும் கேட்கின்றனர். ஆங்கிலப் பாடல் இரண்டுக்கும் இடம் தருவதாலேயே விவாதம் தீராமல் தொடர்கிறது. 1984ஆம் ஆண்டுப் பாடலில் இந்த இரட்டுறலும் இல்லை. அதன் தலைப்பில் பசித்தோர் ‘அவர்கள்’ என்னும் படர்க்கையில் நிற்கின்றனர். பாடுவோர் கேட்போரை நோக்கிப் பேசுகின்றனர்; பேசப்படுவோர் உரையாடலுக்கு வெளியே உள்ளனர்.

ஆகவே நிவாரணப் பாடலில் மூன்று தரப்புகள் உள்ளன: பாடுவோர், பொருள் தருவோர், பெறுவோர். வகைமையின் வழக்கமான அமைப்பு முதலிரு தரப்பை ‘நாம்’ என இணைத்து, மூன்றாம் தரப்பை ‘அவர்கள்’ என நிறுத்துகிறது. விமர்சனங்களின் வேர் இவ்வமைப்பில் உள்ளது.

தமிழ் மரபில் பெறுவோரின் குரல்

தமிழிலக்கியத்தில் வறுமையும் கொடையும் விரிவாகப் பேசப்படும் வகை ஆற்றுப்படை. அங்குப் பேசுபவர் கொடுத்தவர் அல்லர், பெற்றவர். பரிசில் பெற்று மீளும் பாணன் வழியில் எதிர்ப்பட்ட மற்றொரு பாணனை வள்ளலிடம் வழிப்படுத்துகிறான். வறுமையின் வருணனையும் அவன் வாய்மொழியாகவே அமைகிறது.

நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை இதற்குத் தக்க சான்று. அதன் பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு இன்றைய திண்டிவனம், மரக்காணம் பகுதி. கடலூருக்கு வடக்கே அமைந்த அண்டைக் கடற்கரை. அந்நூலில் பாணன் தன் பழைய வறுமையைச் சொல்லுமிடத்தில், குட்டி ஈன்ற நாய் கிடக்கும் அடுக்களை, குப்பையில் முளைத்த வேளைக் கீரையை உப்பின்றி வேகவைத்தல் ஆகியன இடம்பெறுகின்றன. அவற்றோடு மற்றொரு செய்தியும் வருகிறது. அந்த உணவை உண்ணும்போது, வறுமையின் இயல்பறியாமல் பழிப்போர் கண்ணில் படுவதற்கு நாணி, வாயிற்கதவை அடைத்துவிட்டு உண்கின்றனர்.

அடைக்கப்பட்ட இக்கதவு நிவாரணப் பாடல் பற்றிய விவாதத்தில் முதன்மையான இடம் பெறத்தக்கது. வறுமையை முழுதும் சொல்லும் புலவர், அதனைக் காட்ட விரும்பாத நாணத்தையும் உடன் சொல்கிறார். சொல்லும் உரிமை வறுமையுற்றவனிடமே உள்ளது. எதைக் காட்டுவது, எப்போது காட்டுவது என்பதும் அவன் முடிவே. நிவாரணப் பாடலின் காட்சிப் பதிவில் அக்கதவை வெளியார் திறக்கின்றனர். ஒளிப்படக் கருவி உள்ளே நுழைகிறது. உள்ளே இருப்போர் அழைத்தனரா என்பது கேட்கப்படுவதில்லை.

திருக்குறளின் அதிகார அடைவும் இங்கு நோக்கத்தக்கது. வள்ளுவர் ஒப்புரவறிதல், ஈகை என்னும் இரண்டையும் 22, 23ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து வைக்கிறார். ஈகை வறியவருக்குத் தருவது; கைம்மாறு நோக்காதது. ஒப்புரவு ஊரோடு ஒத்து வாழ்பவர் தம் கடமையாகச் செய்வது. ஒப்புரவாளனின் செல்வத்திற்கு உவமையாக ஊருணியும் ஊர் நடுவே பழுத்த மரமும் வருகின்றன. ஊருணியில் நீர் முகப்பவர் யாருக்கும் கைகூப்ப வேண்டியதில்லை. அது அவர்களுடையதும் ஆகும். மறுபுறம் இரவு, இரவச்சம் என்னும் 106, 107ஆம் அதிகாரங்கள் கேட்பவரின் நிலையிலிருந்து பேசுகின்றன. மகிழ்ந்து கொடுப்பவரிடமும் இரவாமை கோடி பெறும் என்று இரவச்சம் கருதுகிறது. கொடுப்பவரின் பெருமையைப் பாடிய நூலே கேட்பவரின் மனவலியையும் தனியே பதிவுசெய்திருத்தல் கருதத்தக்கது.

கடலூர் மாவட்டத்தின் அண்மைக்கால மரபில் வள்ளலார் இவ்விரண்டையும் இணைத்தவர். சிதம்பரத்திற்கு அருகிலுள்ள மருதூரில் 1823இல் பிறந்த அவர், பசித்த உயிரைக் காணும் துயரைப் பாடினார். 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அப்பாடலுக்குச் செயல்வடிவமும் தந்தார். அங்கு ஏற்றப்பட்ட அடுப்பு இன்றளவும் அணையவில்லை. பாடல் எழுந்த மண்ணிலேயே உணவும் தொடர்ந்து வழங்கப்படுவதால், பாட்டு அறச்செயலின் முகவுரையாக அமைகிறது. நிவாரணப் பாடல் பெரும்பாலும் சில வாரங்களில் ஓய்ந்துவிடுவதோடு இதனை ஒப்பிட வேண்டும்.

கடலூர், சிதம்பரம்: பாடப்பட்டதும் பாடப்படாததும்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தேவனாம்பட்டினம், சோதிக்குப்பம், தாழங்குடா, சிதம்பரத்தை அடுத்த கிள்ளைப் பகுதி மீனவக் குடியிருப்புகள் பேரிழப்புக்கு உள்ளாயின. அடுத்த மாதமே மேலைநாட்டுக் கலைஞர்கள் பாடிய ‘கிரீஃப் நெவர் குரோஸ் ஓல்ட்’ வெளிவந்து பிரித்தானியப் பட்டியலில் நான்காமிடம் பெற்றது. யூசுப் இஸ்லாமின் ‘இந்தியன் ஓஷன்’ பாடலில் ஏ.ஆர்.ரகுமான் பங்கேற்றார், அதன் வருவாய் இந்தோனேசியாவின் பண்டா ஆச்சேயில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு அளிக்கப்பட்டது. இழப்பின் அளவில் ஆச்சே மிகப் பெரிது. எனவே அத்தெரிவைக் குறைகூற இடமில்லை. ஆயினும் ஒரு பெருங்கடலின் பெயரைத் தாங்கிய பாடலும் ஒரு கரையைத்தான் சென்றடைய முடியும் என்பது இதனால் தெளிவாகிறது. பாடல் உலகளாவியது; நிவாரணமோ எப்போதும் ஓர் ஊரைத் தெரிவுசெய்தே நடக்கிறது. அதே காலத்தில் இந்தி நடிகர் விவேக் ஓபராய் தேவனாம்பட்டினத்திற்கு வந்து மறுவாழ்வுப் பணியில் ஈடுபட்டார். புகழ் ஓர் ஊரின் பெயரோடு நேரடியாக இணைந்த நிகழ்வு அது.

இவ்வட்டாரத்தைப் பொறுத்தவரை 2015ஆம் ஆண்டு வெள்ளமே விவாதத்தின் மையம். நவம்பர் 9 அன்று நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை பதிவாயிற்று. பண்ருட்டியை அடுத்த பெரியகாட்டுப்பாளையம், விசூர் முதலிய ஊர்களைக் காட்டாற்று வெள்ளம் தாக்கியது. குறிஞ்சிப்பாடி, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டங்களின் வயல்கள் நீரில் மூழ்கின. சென்னையை மூழ்கடித்த பெருமழை டிசம்பர் 1 அன்று, ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குப் பின் பெய்தது. நாட்டின் கவனமும் தன்னார்வலர் பெருக்கும் பெரிதும் அதன் பின்னரே உருவாயின. கடலூர் மறக்கப்பட்டது என்னும் முறையீடு அப்போது பரவலாக எழுந்தது.

2016 தொடக்கத்தில் நடிகர் விக்ரம் இயக்கத்தில், கிரிநந்த் இசையில், மதன் கார்க்கியின் வரிகளில் ‘ஸ்பிரிட் ஆஃப் சென்னை’ என்னும் பாடல் பல திரைக் கலைஞர்களின் பங்கேற்போடு வெளிவந்தது. வெள்ளத்தின்போது உதவிய தன்னார்வலர்களைப் போற்றும் பாடலாக அது அமைந்தது. பேண்ட் எய்ட் வாய்பாட்டின் காட்சியமைப்பு அதில் தொடர்ந்தாலும், ஒரு வேறுபாடு உண்டு: பாடுவோரும் பாடப்படுவோரும் ஒரே நகரத்தார். துன்புற்றோரைப் படர்க்கையில் நிறுத்தாமல், மீண்டெழுந்தோராகக் காட்டியமை அதன் சிறப்பு. மேலைப் பாடல்கள் மீதான சித்திரிப்புக் குற்றச்சாட்டு இதற்குப் பொருந்தாது.

எனினும் அதன் ‘நாம்’ சென்னையோடு நின்றுவிடுகிறது. பாடல் வெள்ளத்திற்குப் பின் வந்தது. எனவே நிவாரணத்தை அதுவே சென்னைப் பக்கம் திருப்பியது என்று கூறுவது காலமுறைக்கு ஒவ்வாது. தன் நகரத்தைப் பாடும் உரிமை எந்தக் கலைஞருக்கும் உண்டு என்பதும் ஏற்கத்தக்கதே. ஆனால் இத்தகைய பாடல்கள் நிதியைவிட நெடுங்காலம் நிலைப்பது நினைவில். 2015ஆம் ஆண்டு வெள்ளம் ‘சென்னை வெள்ளம்’ என்றே பொது நினைவில் பதிந்துள்ளது. மூன்று வாரம் முன்பே மூழ்கிய மாவட்டம் அந்தப் பெயருக்குள் இல்லை. ஒரு பேரிடரின் பெயரில் இல்லாத ஊர், அடுத்த பேரிடரின் திட்டமிடலிலும் பின்தங்கக்கூடும் என்பதே இதில் உள்ள இடர்ப்பாடு.

இவ்விடத்தில் வள்ளுவரின் ஒப்புரவு என்னும் கருத்து துணைசெய்கிறது. காட்டுமன்னார்கோயில் வட்டத்தின் வீராணம் ஏரி 2004 முதல் புதிய வீராணம் திட்டத்தின்வழிச் சென்னைக்குக் குடிநீர் தருகிறது. நெய்வேலியின் நிலக்கரி மின்சாரமாகித் தலைநகரை எட்டுகிறது. வீராணம் சென்னைக்கு ஊருணியாக இருக்கும்போது, சென்னையிலிருந்து கடலூருக்கு வரும் உதவி ஈகை ஆகாது. அது ஒப்புரவின் மறுபக்கம். ‘அவர்களுக்கு உதவுவோம்’ என்னும் தொடர் இவ்வுறவை மறைக்கிறது. ‘நாம்’ என்னும் சொல்லே உண்மை நிலைக்குப் பொருந்துகிறது.

கொடுப்போரின் தன்விளம்பரம் பற்றிய விவாதமும் 2015இல் தமிழகத்தில் எழுந்தது. நிவாரணப் பொருள்கள் மீது ஆட்சித் தலைமையின் படம் ஒட்டப்பட்டது கடும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. பொட்டலத்தில் ஒட்டிய படமும் காட்சிப் பதிவில் தோன்றும் முகமும் ஒரே வினாவை எழுப்புகின்றன: பெறுபவரின் தேவை எங்கே முடிகிறது, கொடுப்பவரின் புகழ் எங்கே தொடங்குகிறது? பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மே மாதம், ரகுமான் இசையமைத்த இந்திப் பாடல் ஒன்று பகிரப்படும் ஒவ்வொரு முறையும் 500 ரூபாய் பிரதமரின் நிதிக்கு வழங்குவதாக ஒரு தனியார் வங்கி அறிவித்தது. அங்குக் கேட்பவர் பணம் தரவேண்டியதில்லை. நிறுவனத்தின் பெயரைப் பரப்பினால் போதும். நன்கொடையும் விளம்பரமும் ஒரே செயலாக இணைந்துவிட்ட நிலை அது.

மதிப்பிடுவதற்கான அளவைகள்

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து நான்கு அளவைகளை வகுக்கலாம்.

1. இட அளவை: பாடல் துன்புற்றோரை ‘நாம்’ என்பதனுள் வைக்கிறதா, ‘அவர்கள்’ என விலக்குகிறதா? அவர்களின் மொழியும் ஊர்ப்பெயரும் குரலும் பாடலில் உள்ளனவா?

2. காரண அளவை: துன்பம் இயற்கையின் செயலாக மட்டும் காட்டப்படுகிறதா? ஏரி மேலாண்மை, நீர் திறப்பு முன்னறிவிப்பு, ஆற்றங்கரைக் குடியிருப்பு முதலிய மனிதக் காரணங்களுக்கு இடம் உண்டா? வங்கப் பஞ்சக் காலக் குழுக்கள் இதனைப் பாட்டிலேயே செய்துகாட்டின.

3. கணக்கு அளவை: வருவாய் எவ்வழியே, எவருக்கு, எப்போது சேரும் என்பது பாடல் வெளிவருவதற்கு முன்பே வரையறுக்கப்பட்டுள்ளதா? 1971ஆம் ஆண்டுப் பட்டறிவு இதன் தேவையை உணர்த்துகிறது.

4. கால அளவை: பாடலின் ஆயுளும் மறுவாழ்வின் காலமும் பொருந்துகின்றனவா? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. பலாக் கன்று காய்க்கப் பல ஆண்டுகள் வேண்டும். ஒரு பாடலின் புகழ் சில வாரங்களே நீடிக்கும். இடைப்பட்ட ஆண்டுகளுக்கான பொறுப்பை யார் ஏற்பது என்பது பாடலுக்கு அப்பாலும் கேட்கப்பட வேண்டிய வினா.

இந்நான்கிலும் தேறும் பாடல் அரிது. ஆயினும் ஒன்றில் தவறியதைக் கொண்டு பாடலை முற்றாக மறுப்பதும், நிதி சேர்ந்தது என்பதைக் கொண்டு முற்றாக ஏற்பதும் ஒருசார்பானவை. 1984ஆம் ஆண்டுப் பாடல் நிதி சேர்த்ததில் வென்று, இடத்திலும் காரணத்திலும் தவறியது. 1971ஆம் ஆண்டு முயற்சி மொழியில் நேர்மையோடு இருந்து, கணக்கில் தடுமாறியது. 2016ஆம் ஆண்டுத் தமிழ்ப் பாடல் துன்புற்றோரின் தன்மதிப்பைக் காத்து, ஊரின் எல்லையில் குறுகியது.

முடிவுரை

நிவாரணப் பாடல்கள் பற்றிய விவாதம் ‘பாடலாமா, கூடாதா’ என்னும் வினாவாகவே பெரும்பாலும் நிகழ்ந்துவருகிறது. பசியும் வெள்ளமும் உள்ளவரை யாரேனும் பாடவே செய்வர். பாடுவதைத் தடுப்பதால் பயனில்லை. யார் பாடுகிறார், யாரை நோக்கிப் பாடுகிறார், யாரை விட்டுவிட்டுப் பாடுகிறார் என்பனவே பயன்தரும் வினாக்கள். அவற்றைக் கேட்பதற்குரிய கருவிகள் தமிழில் முன்பே உள்ளன. உளப்பாட்டுத் தன்மை என்னும் இலக்கணக் கூறு, பெற்றவரே பேசும் ஆற்றுப்படை அமைப்பு, வறியோர் அடைத்துக்கொண்ட கதவு, ஈகையையும் ஒப்புரவையும் பிரித்துக்காட்டிய குறள் வைப்புமுறை ஆகியன அக்கருவிகள்.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் பாடல் இல்லாமல் இல்லை. மீனவக் குடியிருப்புகளின் ஒப்பாரியும் வயல்வெளிப் பாடல்களும் இழப்பைத் தன்மை இடத்தில் நின்றே பேசுகின்றன. பேரிடர்க்காலப் பாடல்களைத் தேதியும் ஊரும் குறித்துத் தொகுப்பது நாட்டார் வழக்காற்றியல் துறையினர் காலந்தாழ்த்தாமல் செய்யத்தக்க பணி. ஆழிப்பேரலையில் உற்றாரை இழந்து பாடிய தலைமுறை மூப்படைந்து வருகிறது. அவர்கள் பாடியவை பதிவாகுமாயின், அடுத்த வெள்ளத்தின்போது இவ்வட்டாரத்திற்காகப் பாட முன்வருவோர் முதலில் கேட்பதற்கு ஒரு குரல் ஆவணமாக இருக்கும்.